முள்செடியைப் பார்க்கவா டிக்கெட் எடுத்துப் போவது?

வாசகர் கேள்வி:

"நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எனக்கு வயது 66, கணவருக்கு 71. மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறான். டிசம்பரில் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். அங்கே பாலைவனத் தாவரவியல் பூங்கா ஒன்று இருக்கிறதாம். பள்ளி விடுமுறையில் ஒருநாள் பேத்தியையும் (10) பேரனையும் (5) நாங்களே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்ட வேண்டும் என்கிறான். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு மதியம் வந்து அழைத்துக்கொள்வானாம். நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். முள்ளையும் கள்ளியையும் பார்த்துச் சலித்தவள். அதைப் பார்க்கவா டிக்கெட் எடுத்துப் போவது? குளிர் தாங்குமா, என் முழங்கால் தாங்குமா, சின்னவன் எதிலாவது கையை வைத்துவிடுவானோ என்று பல யோசனை. பேத்திக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவளிடம் நான் என்னத்தைச் சொல்லிக் காட்டுவது? திரும்பும்போது ஒரு சின்னக் கள்ளி கொண்டுவந்து பால்கனியில் வைக்கலாமா?"

பதில்:

அன்புள்ள அம்மா,

"என்னத்தைச் சொல்லிக் காட்டுவது" என்று கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் குடும்பத்தில் முள்காட்டில் வளர்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். மகன் பெங்களூரில் வளர்ந்தவர், பேரப்பிள்ளைகள் ஏசி காரில் பள்ளிக்குப் போகிறவர்கள். தண்ணீர் இல்லாத மண்ணில் எது முளைக்கும், எது ஆட்டுக்கு ஆகும், எதன் முள் குத்தினால் சீழ் வைக்கும் என்பதெல்லாம் உங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தாவரவியல் படித்துவிட்டுப் பூங்காக்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பதே என் தொழில். பெயர்ப்பலகையைப் படித்துக்காட்டும் பெரியவரிடம் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பதில்லை. "எங்க ஊர்ல இதை வைத்து என்ன செய்வோம் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறவரை விட்டு அவர்கள் நகர்வதில்லை. அதனால் தயங்காமல் போங்கள். நிறையச் செடிகளைக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நாலைந்து செடி போதும்.

முதலில் இடத்தைப் பற்றி. ஃபீனிக்ஸ் நகரத்துக்குள்ளேயே பாப்பகோ பார்க் என்ற செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது இந்தப் பூங்கா. 1939இல் திறந்தார்கள். மொத்தம் 140 ஏக்கர், அதில் செடி வைத்துப் பராமரிப்பது ஏறக்குறைய 55 ஏக்கர். நம் பெங்களூரு லால்பாக் பூங்கா 240 ஏக்கர் என்பதால், நடக்கிற தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். நடுவில் ஒரு பெரிய சுற்றுப்பாதை, அதிலிருந்து பிரியும் சின்னப் பாதைகள், அவ்வளவுதான். முழங்கால் வலிக்கு நடுப்பாதையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தளம் போட்ட பாதை அது. ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள பாலைவனத்துக்குச் சோனோரன் என்று பெயர். சோனோரன் பாலைவன இயற்கைப் பாதை என்று ஒன்று இருக்கும். அதில் கொஞ்சம் ஏற்றம் உண்டு, நீங்கள் போக வேண்டாம். தாத்தாவும் பேத்தியும் போய்வரட்டும். நீங்களும் சின்னவனும் பெஞ்சில் உட்கார்ந்து பறவை பாருங்கள்.

குளிர் விஷயத்தில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். அங்கே டிசம்பர், ஜனவரியில் பகல் 19, 20 டிகிரி வரும். விடியற்காலை 7, 8 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் உறைபனியும் உண்டு. காற்றில் ஈரம் இல்லாததால் வெயில் பட்டால் சுடும், மரநிழலுக்குப் போனால் சட்டென்று குளிரும். பெங்களூரில் போடுகிற ஒற்றைத் தடிமன் ஸ்வெட்டர் அங்கே தோதுப்படாது. மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு, வெயில் ஏற ஏறக் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு உள்ளே போய் ஒரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். கோடையில் அந்த ஊரில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். ஒரு செடி முன்னால் கால்மணி நேரம் நிம்மதியாக நிற்க முடிகிற காலம் இந்தக் குளிர்காலம்தான். தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். வியர்ப்பது தெரியாமலே காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கைப்பையில் இருக்கட்டும்.

சரி, செடிக்கு வருவோம்.

முதலில் போய் நிற்க வேண்டியது சவாரோ என்ற கள்ளி. பலகையில் ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'ஜி' எழுத்து இருக்கும், அது ஒலிக்காது. தூண் மாதிரி உயர்ந்து, பக்கத்தில் கைகள் கிளம்பியிருக்குமே, படங்களில் பார்த்திருப்பீர்கள். 40 அடிக்கு மேலும் வளரும். சோனோரன் பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அதன் உயரத்தைச் சொன்னால் பிள்ளைகள் பெரிதாக அசைய மாட்டார்கள். வயதைச் சொல்லுங்கள். விதை முளைத்து முதல் எட்டு வருஷத்தில் அது வளர்வது ஒன்றரை அங்குலம்தான். அப்படியானால் உங்கள் பேரன் வயதில் இருக்கும் சவாரோ அவன் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. 35 வயது வாக்கில் முதல் பூ, அதாவது ஏறக்குறைய அவர்கள் அப்பா வயதில். பக்கவாட்டுக் கை முளைப்பது 50 முதல் 70 வயதுக்குள். உங்கள் வயதுச் சவாரோவுக்கு இப்போதுதான் முதல் கை எட்டிப்பார்க்கும். நாலைந்து கையோடு நிற்கிற ஒரு மரத்தைக் காட்டி, "இது முளைத்தபோது யார் பிறந்திருந்தார்கள், சொல்லு பார்ப்போம்" என்று பேத்தியிடம் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுக் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போய்விடும். அதிலிருந்து குடும்பக் கதை தானாக வரும்.

அப்புறம் அதன் உடம்பைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ்வரை சேலைக் கொசுவம் வைத்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்து வேர் நீரை இழுத்ததும் மடிப்பு விரிந்து உடம்பு பருக்கும், வறட்சியில் மறுபடி சுருங்கும். நன்றாக வளர்ந்த ஒன்று டன் கணக்கில் எடை இருக்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். சின்னவனுக்கு மடிப்பை எண்ணுகிற வேலையைக் கொடுங்கள், கண்ணால் மட்டும். உடம்பில் அங்கங்கே வட்ட ஓட்டைகள் இருக்கும். கிலா மரங்கொத்தி கொத்திக் குடைந்த பொந்துகள் அவை. காயம் பட்ட இடத்தைச் சுற்றிச் செடி தானே கெட்டியான தோலைக் கட்டிக்கொள்வதால் உள்ளே நீர் கசியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் வேறு பறவை குடிவரும். அந்த மரங்கொத்தி குளிர்காலத்திலும் அங்கேயேதான் இருக்கும், கத்தலும் பலமாக இருக்கும். "எந்த வீட்டில் ஆள் இருக்கிறது" என்று கேட்டுவிட்டால் ஐந்து வயதுக்காரனுக்கு அரைமணி நேரம் போவது தெரியாது.

குளிர்காலத்தில் மட்டும் பார்க்கக்கூடிய இன்னொன்று: உறைபனி விழும் என்று தெரிந்த இரவுகளில், அந்த ஊரில் தூண் வடிவக் கள்ளிகளின் நுனியில் தெர்மாகோல் கப்பைக் கவிழ்த்து வைப்பார்கள். வளர்கிற முனை அங்கேதான் இருக்கிறது, அது உறைந்துபோனால் அந்தத் தண்டு மேற்கொண்டு வளராது. உங்களுக்கு அந்தக் காட்சி வாய்த்தால், ஏன் தொப்பி போட்டிருக்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

அடுத்தது நீங்கள் சலித்துப்போனதாகச் சொல்லும் சப்பாத்திக்கள்ளி. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊர் வேலிகளில் நாம் பார்த்த சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உங்கள் பேரப்பிள்ளைகள் இருக்கும் பக்கம்தான் அதன் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொந்த ஊர். அது நம் மண்ணில் இவ்வளவு பரவியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்தக் கள்ளியின் மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல ஒரு பூச்சி இருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். அந்தச் சாயத்துக்காக மெக்சிகோவில் இதை வளர்த்து ஸ்பானியர்கள் பெரும் பணம் பார்த்தார்கள். அதைப் பார்த்த ஆங்கிலேயர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கேயும் முயன்றார்கள். சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் வங்காளத்துக்குப் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது நல்ல சாயம் தராத வேறு இனம். சாயத் தொழில் நடக்கவில்லை, கள்ளி மட்டும் நின்றுவிட்டது. பிறகு தென்னிந்தியக் காடு கழனியெல்லாம் சப்பாத்திக்கள்ளி அடைத்துக்கொண்டபோது, 1920களில் இலங்கை வழியாக இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ "அந்தக் காலத்தில் ஊரைச் சுற்றிக் கள்ளிதான்" என்று சொல்லியிருந்தால், அது பின்னால் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

பூங்காவில் சப்பாத்திக்கள்ளி மடலில் அந்த வெள்ளைப் பஞ்சைத் தேடச் சொல்லுங்கள். தொட வேண்டாம், கண்ணில் பட்டால் போதும். பழம் தின்று வாய் சிவந்த உங்கள் கதையும், சுணை குத்தி அழுத கதையும் அங்கேதான் வர வேண்டும். பேத்தி ஆங்கிலத்தில் கேட்டால் கேட்கட்டும். நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள். அவளைத் தமிழில் பேசு என்று அந்த இடத்தில் நெருக்காதீர்கள். கதைக்கு நடுவில் வரும் சுணை, மடல், தொரட்டி எல்லாம் கண்முன்னே பொருளோடு இருக்கும்போது காதில் விழுந்தால் அதுவே தங்கிவிடும்.

தொரட்டி என்றதும் இன்னொன்று. அந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான ஓதாம் மக்கள், ஜூன் ஜூலையில் சவாரோ உச்சியில் பழுக்கும் சிவப்புப் பழத்தை நீளக் கழியால் தட்டிப் பறிப்பார்கள். பட்டுப்போன சவாரோவுக்குள் இருக்கும் மரக்குச்சிகளை இணைத்துத்தான் அந்தக் கழியைச் செய்வார்கள். பாலைவன மக்கள் செடிகளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று காட்டுவதற்கே பூங்காவில் ஒரு தனிப் பாதை இருக்கிறது. நடுப்பாதைக்கு அடுத்தபடியாக நான் சொல்வது அந்தப் பாதையைத்தான். வீட்டுக் கூரை, நார், மாவு, மருந்து என்று எல்லாம் உங்களுக்குப் பழகின விஷயம்.

அங்கே மெஸ்கீட் என்ற மரத்தைப் பார்த்தால் நில்லுங்கள். பொடி இலை, நீளக் காய், கூர்முள், பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். நம் கண்மாய்களை அழித்த மரம் என்று நாம் திட்டுகிற சாதி, அங்கே சொந்த மண்ணில் எல்லோருக்கும் வேண்டிய மரம். அதன் காயை இடித்து இனிப்பு மாவாக்கிப் பல தலைமுறை சாப்பிட்டிருக்கிறார்கள். மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில்தான் சவாரோ நாற்று பிழைக்கிறது. வெயிலுக்கும் பனிக்கும் மறைவாக அந்த மரம் அதைப் பல வருஷம் காக்கிறது. ஒரே குடும்பத்து மரம் ஓரிடத்தில் காவலாகவும் இன்னோரிடத்தில் கேடாகவும் இருப்பது எப்படி என்று பத்து வயதுப் பிள்ளையிடம் தாராளமாகப் பேசலாம். அந்த வயதுக்கு அது புரியும். பாலோ வெர்டேயின் பட்டை பச்சையாக இருக்கும். இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையாலேயே சூரிய ஒளியில் உணவு தயாரித்துக்கொள்ளும்.

நம் நாட்டின் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். உடைத்தால் பால் வரும், அது கண்ணில் பட்டால் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதன் உறவினர்களும் பாலைவனத் தோட்டங்களில் இருப்பதுண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் அமெரிக்கக் கள்ளி மாதிரியே தெரியும். பக்கத்தில் போய் முள் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கள்ளியில் ஒவ்வொரு முள்கொத்துக்கும் அடியில் பஞ்சுபோன்ற ஒரு சின்னத் திட்டு இருக்கும். நம் கள்ளிக்கு அது இருக்காது. பேத்திக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் இதை அவளே கண்டுபிடிப்பாள்.

பெங்களூர்க்காரரான உங்களுக்குச் சொந்தமான ஒரு சேதியும் சொல்கிறேன். கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள பாலைவனச் செடிகள் பெரும்பாலும் பகலில் மூச்சுத் துளைகளை மூடிவிடும், திறந்தால் நீர் போய்விடும். இரவில் திறந்து காற்றை வாங்கி, அதை ஒரு புளிப்பு அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் வெளிச்சம் வந்ததும் செலவழிக்கும். இந்த நடப்பின் தடயத்தை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹெய்ன். திப்பு சுல்தானுக்குப் பிறகு லால்பாக்கைப் பொறுப்பில் வைத்திருந்த கம்பெனித் தாவரவியலாளர். ரணகள்ளி இருக்கிறதே, புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் இலை, அது காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று ஆகிவிடுகிறது, சாயங்காலம் கசக்கிறது என்று 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1815இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. ரணகள்ளியைப் பிள்ளைகளுக்கு ருசிபார்க்கக் கொடுக்க வேண்டாம், அதில் நச்சுப் பொருள் உண்டு. கதையாகச் சொன்னால் போதும். "இந்தக் கள்ளியெல்லாம் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது" என்று சொன்னால் சின்னவனும் பிடித்துக்கொண்டு நிற்பான்.

சவாரோ பூப்பது மே, ஜூனில், அதைப் பார்க்க முடியாது. ஆனால் கற்றாழை வகைகளுக்கு அந்த ஊரில் குளிர்காலம்தான் பூக்கிற பருவம், ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தண்டு நீட்டி நிற்கும். சூப்பரோசா என்றொரு புதரும் சிவப்பாகப் பூத்திருக்கலாம். அது நம் ஆடாதோடையின் இனம். அதைச் சுற்றி ரீங்காரச் சிட்டு வரும். வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே காணக் கிடைக்காத பறவை, நின்ற இடத்திலேயே சிறகடித்துத் தேன் குடிக்கும். அந்தப் புதருக்கு எதிரே பெஞ்சு இருந்தால் உங்கள் முழங்காலுக்கு அங்கேதான் ஓய்வு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் கிரியோசோட் புதரின் வாசனை காற்றில் இருக்கும். அந்தப் பாலைவனத்துக்காரர்களுக்கு மழை என்றால் அந்த வாசனைதான்.

இனி சின்னவன் கையைப் பற்றி. உங்கள் பயம் நியாயமானது. அங்கே சோயா என்றொரு கள்ளி வகை உண்டு. அதிலும் டெடி பேர் சோயா தூரத்திலிருந்து மெத்தென்ற பொம்மை மாதிரி தெரியும், குழந்தை கை நீளுவது அதை நோக்கித்தான். லேசாக உரசினால் போதும், ஒரு துண்டு அப்படியே கழன்று தோலில் மாட்டிக்கொள்ளும். முள்ளில் நுண்ணிய கொக்கி இருப்பதால் இழுத்தால் வலிக்கும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் மாட்டும். ஒரு சீப்பை எடுத்துப்போங்கள். தோலுக்கும் துண்டுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, ஆள் இல்லாத பக்கமாகச் சட்டென்று நெம்பிவிட வேண்டும். மிச்ச முள்ளுக்கு ட்வீசர். சப்பாத்திக்கள்ளிச் சுணை ஏறினால் தேய்க்கக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. ட்வீசரால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, மேலே காஸ் துணி வைத்து, காய்ந்ததும் உரித்தால் மீதியும் வந்துவிடும். கண்ணிலோ வாயிலோ பட்டால் நீங்கள் கை வைக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வராமல் தடுக்க என் வழக்கம்: பிள்ளையின் இரண்டு கையிலும் ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றில் நோட்டு, ஒன்றில் க்ரேயான். செடிப் பக்கம் நெருங்கினால் "கையைப் பின்னால் கட்டு, கண்ணால் தொடு" என்று உள்ளே நுழையும் முன்பே பழக்கிவிடுங்கள். பூங்காவில் தன்னார்வலர்கள் சில இடங்களில் பட்ட கள்ளிக் கட்டை, விதை, நார் எல்லாம் மேசையில் வைத்துத் தொட்டுப்பார்க்கக் கொடுப்பதுண்டு. தொடும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் மூடின காலணி அவசியம். சோயாத் துண்டு பாதையிலும் கிடக்கும், செருப்பு உதவாது. நீங்கள் புடவைதான் கட்டுவீர்கள் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், கரை தரையில் புரளாதபடி கொஞ்சம் தூக்கிக் கட்டி ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் சில மாலைகளில் பாதை நெடுக ஆயிரக்கணக்கான காகிதப் பைகளுக்குள் விளக்கேற்றி வைக்கும் லூமினாரியாஸ் விழாவும் அங்கே நடக்கும். 1978இல் தொடங்கியது. கார்த்திகைக்கு அகல் ஏற்றுகிறவர்களுக்குப் பிடிக்காமல் போகாது. அதற்குத் தனி டிக்கெட், சீக்கிரம் தீர்ந்துவிடும், மகனை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் முதல் தடவை பகலில்தான் போக வேண்டும். செடியைத் தெரிந்துகொண்டு போனால்தான் இருட்டில் அதன் நிழலைப் பிள்ளைகள் அடையாளம் காண்பார்கள். மாலை ஐந்தரைக்கே இருட்டி, சட்டென்று குளிர் ஏறும். அன்றைக்குத் தடிமன் ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கள்ளி கொண்டுவருவது. வேண்டாம் அம்மா. அனேகமாக எல்லாக் கள்ளி இனங்களும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வருகின்றன. அதோடு இந்தியாவுக்குள் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் செடிநலச் சான்றிதழும் வேண்டும். விதைக்கும் விதி உண்டு. பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த ஒரு துண்டோடு ஒரு பூச்சியோ பூஞ்சையோ சேர்ந்து வரலாம், சப்பாத்திக்கள்ளிக் கதையைப் படித்தபின் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளுக்குப் போங்கள். உருண்டையாக மஞ்சள் முள்ளோடு இருக்கும் கோல்டன் பேரல் கள்ளி ஒன்று வாங்குங்கள், அது மெக்சிகோ இனம், நம் ஊர் நர்சரிகளிலேயே வளர்க்கிறார்கள். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி, பாதிக்குமேல் பருமணலும் சின்ன ஜல்லியும், மீதி தோட்ட மண். ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். பெங்களூரில் கள்ளி சாவது வறட்சியால் இல்லை, மே மாதக் கோடைமழையில் தொடங்கி அக்டோபர் வரை தொட்டியில் தேங்கும் ஈரத்தால்தான். அந்த மாதங்களில் சாரல் படாத பக்கமாகத் தொட்டியை நகர்த்தி வையுங்கள்.